7.2 கன மீட்டர் மண் கொட்டியும் பள்ளம் நிரம்பவில்லை: கணக்கில் எங்கே தவறு?

புதுக்கை:
எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பின்னால் 6 மீட்டருக்கு 4 மீட்டரில் ஒரு கொட்டகை போடப் போகிறேன். அந்த இடம் சுற்றுத் தரையைவிட 30 செ.மீ. தாழ்வு. முதலில் மண் போட்டு நிரப்பிவிட்டு, மேலே 10 செ.மீ. கான்கிரீட் தளம் போடலாம் என்று திட்டம்.

கணக்கில் குழப்பமே இல்லை. 6 × 4 × 0.3 = 7.2 கன மீட்டர். அப்படியே 7.2 மண் வரவழைத்தேன். வந்த லாரிப் பெட்டியையும் டேப் பிடித்து அளந்தேன்: நீளம் 3.6, அகலம் 2, உயரம் 1 மீட்டர், விளிம்பு வரை மட்டமாக இருந்தது. அதாவது கேட்ட மண் முழுசாக வந்தது.

15 செ.மீ. அடுக்காக இரண்டு முறை பரப்பி, தண்ணீர் தெளித்து, திமிசு (மண்ணை இடித்துக் கெட்டிப்படுத்தும் கட்டை) போட்டேன். இப்போது அளந்தால் 23 செ.மீ.தான் நிற்கிறது. பாக்கி 7 செ.மீ. எங்கே போனது?

திமிசுக்கட்டை:
எங்கேயும் போகவில்லை தம்பி, கீழேதான் இருக்கிறது. நீங்கள் வாங்கியது மண்ணோடு காற்றையும் சேர்த்து. திமிசு போட்டதும் காற்று வெளியே போய்விட்டது.

ஒரே மண்ணுக்கு மூன்று அளவு உண்டு. பூமியில் வெட்டாமல் கிடக்கும்போது ஒன்று. வெட்டி லாரியில் ஏற்றியதும் உதிர்ந்து, உப்பி இன்னொன்று. கொட்டி, நனைத்து, இடித்தபின் மூன்றாவது. சாதாரண மண் வெட்டியதும் கால் பங்கு கூடும். களிமண் 30 முதல் 40 சதவீதம் வரை போகும், உடைத்த பாறை பாதிக்கும் மேல். அதையே இடித்துக் கெட்டிப்படுத்தினால், வெட்டுவதற்கு முன் இருந்ததைவிடவும் கொஞ்சம் சுருங்கும்.

உங்கள் அளவையே வைத்துப் பார்ப்போம். 24 சதுர மீட்டரில் 23 செ.மீ. என்றால் 5.52 கன மீட்டர். கொட்டியது 7.2. வகுத்தால் 1.3. உதிரி மண்ணுக்கு நாங்கள் வழக்கமாகப் போடும் பெருக்கல் எண்ணும் அதுதான். பள்ளத்தின் அளவை 1.3ஆல் பெருக்கி 9.4 என்று வரவழைத்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. இனி தேவைப்படுவது 24 × 0.07 × 1.3, சுமார் 2.2 கன மீட்டர் உதிரி மண்.

சல்லடை:
நானும் இதில் மாட்டியவன்தான். மண் கொடுத்தவரோடு அரை மணி நேரம் சண்டை வேறு போட்டேன். அவர் பொறுமையாக ஒரு பக்கெட்டில் மண்ணை நிரப்பி, தரையில் நாலு தட்டு தட்டிக் காட்டினார். பக்கெட்டில் நாலு விரல் இறங்கிவிட்டது. அதற்கப்புறம் நான் வாயே திறக்கவில்லை.

புதுக்கை:
அடடா. சரி, இந்தத் தப்பை கான்கிரீட்டில் செய்யக் கூடாது. தளத்துக்கு 6 × 4 × 0.1 = 2.4 கன மீட்டர். கான்கிரீட் என்றால் 1.54ஆல் பெருக்க வேண்டும் என்று எங்கோ படித்திருக்கிறேன். அப்படியானால் 3.7 வருகிறது. வண்டியில் வரும் ரெடிமிக்ஸ் 3.7 கன மீட்டர் என்று சொல்லிவிடட்டுமா?

மட்டக்கோல்:
வேண்டாம், நிறுத்துங்கள்!

இதே தப்பை நான் ஒரு முறை செய்தேன். தளம் நிரம்பியும் வண்டியில் ஒரு கன மீட்டருக்கு மேல் மிச்சம். டிரைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், கலவை இறுகிக்கொண்டே வருகிறது. கடைசியில் வாசல் நடைபாதை, தண்ணீர்த் தொட்டி மேடை, செடிகளுக்கு நடுவே படிக்கல் என்று திட்டத்திலேயே இல்லாததெல்லாம் உருவானது. அந்தப் படிக்கற்களில் ஒன்றுகூட மட்டமாக இல்லை, இன்றைக்கும் தடுக்கிக்கொண்டுதான் நடக்கிறோம்.

1.54 என்பது சிமெண்ட், மணல், ஜல்லி மூன்றையும் தனித்தனியாக உலர்வாக வாங்கி நாமே கலக்கும்போது மட்டும். ஜல்லி இடுக்கில் மணல் போய் உட்காரும், மணல் இடுக்கில் சிமெண்ட் உட்காரும். 1:2:4 கலவைக்கு ஒரு பெட்டி சிமெண்ட், இரண்டு பெட்டி மணல், நாலு பெட்டி ஜல்லி, ஆக 7 பெட்டி கொட்டினால் நாலரைப் பெட்டி கான்கிரீட்தான் கையில் கிடைக்கும். ஏழை 1.54ஆல் வகுத்துப் பாருங்கள். ரெடிமிக்ஸ் ஏற்கனவே கலந்து சுருங்கி வருகிறது. அதற்குத் தளத்தின் கனஅளவும் சிந்துவதற்குக் கொஞ்சமும் போதும்.

கையால் கலப்பதாக இருந்தால் 1 கன மீட்டர் 1:2:4 கான்கிரீட்டுக்கு இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 1.54ஐ 7ஆல் வகுத்தால் 0.22 கன மீட்டர் சிமெண்ட். ஒரு கன மீட்டர் சிமெண்ட் 1,440 கிலோ என்று எடுத்தால் 317 கிலோ, 50 கிலோ மூட்டையில் 6.34. மணல் 0.44, ஜல்லி 0.88 கன மீட்டர். கலவை 1:1.5:3 என்றால் சிமெண்ட் 8 மூட்டை.

இன்னொன்று. கான்கிரீட்டுக்கு 1.54, ஜல்லி இல்லாத பூச்சுக் கலவைக்கு 1.3 சொச்சம். இரண்டையும் மாற்றிப் போடுகிறவர்களும் உண்டு.

சல்லடை:
மட்டக்கோல் அண்ணா சொன்ன 0.44 மணல், உலர்ந்த மணல். குவியலில் கிடக்கும் மணல் அப்படி இருக்காது. லேசாக நனைந்த மணலில் ஒவ்வொரு துகளையும் தண்ணீர்ப் படலம் சுற்றிக்கொண்டு ஒன்றையொன்று தள்ளி நிறுத்தும். ஈரம் 5 முதல் 8 சதவீதம் இருந்தால் மணலின் அளவு 20, 30 சதவீதம் உப்பும். மணல் எவ்வளவு பொடியோ அவ்வளவு அதிகம் உப்பும். வேடிக்கை என்னவென்றால், இன்னும் தண்ணீர் ஊற்றி முழுசாக மூழ்கடித்தால் பழையபடி உலர்ந்த மணல் அளவுக்கே இறங்கிவிடும்.

அதை வைத்தே சோதித்துக்கொள்ளலாம். நேர்ச்சுவராக இருக்கும் ஒரு கண்ணாடி ஜாடியில் ஈர மணலை அழுத்தாமல் 20 செ.மீ. உயரத்துக்குப் போடுங்கள். அது மூழ்கும் வரை தண்ணீர் ஊற்றி, கம்பியால் நன்றாகக் கிளறி, அடங்க விடுங்கள். 16 செ.மீ.க்கு இறங்கியிருந்தால் 4ஐ 16ஆல் வகுக்க வேண்டும், உப்பல் 25 சதவீதம். (20ஆல் வகுத்து 20 சதவீதம் என்பார்கள். தப்பு.)

பெட்டி அளவில் கலக்கும்போதுதான் இது கடிக்கும். ஒரு மூட்டை சிமெண்ட் ஏறக்குறைய 35 லிட்டர். அதற்கு இரண்டு பங்கு மணல் 70 லிட்டர். 25 சதவீதம் உப்பிய மணலென்றால் 87 லிட்டர் போட்டால்தான் அந்த 70 உள்ளே போகும். போடாவிட்டால் கலவையில் மணல் பற்றாது, மொத்தக் கான்கிரீட்டும் நீங்கள் கணக்குப் போட்டதைவிடக் குறையும். மணலில் இருக்கும் ஈரமும் தண்ணீர்க் கணக்கில் சேர்த்தி என்பதை மறக்க வேண்டாம்.

கல்லுகை:
இவ்வளவு நுணுக்கம் எதற்கு? இத்தனை வருஷமாக எல்லாவற்றிலும் 10 சதவீதம் கூட்டிப் போடுகிறேன், ஒரு நாளும் குறைந்ததில்லை.

மட்டக்கோல்:
குறையாது, சரிதான். எவ்வளவு மிஞ்சியது என்று என்றைக்காவது அளந்திருக்கிறீர்களா?

10 செ.மீ. தளத்தில் 1 செ.மீ. தரைப் பள்ளமே 10 சதவீதத்தைத் தின்றுவிடும். இரண்டு செ.மீ. என்றால் உங்கள் 10 சதவீதம் பாதி வழியிலேயே நின்றுவிடும். அதே 1 செ.மீ. 30 செ.மீ. ஆழத்தில் 3 சதவீதம்தான். எவ்வளவு மெல்லிய வேலையோ அவ்வளவு கவனம் வேண்டும்.

புதுக்கை, தளத்தைச் சுற்றிக் கான்கிரீட்டைத் தாங்கும் பலகை அடித்தபின் தளத்தின் மேல்மட்டத்தில் நூல் கட்டுங்கள். மீட்டருக்கு ஒரு இடமாக நூலிலிருந்து தரை வரை அளந்து எழுதி, சராசரி பாருங்கள். கால் மணி நேர வேலை.

புதுக்கை:
பலகை இப்போதைக்கு மூன்று பக்கம்தான் நிற்கிறது. பாக்கி மண் வந்து திமிசு போட்டபின்தான் இதை அளக்க முடியும், எழுதி வைத்துக்கொண்டேன்.

அதற்குள் இன்னொரு சந்தேகம். தோட்டத்தில் ஒரு சின்னக் குளம் வெட்டி ஷீட் விரிக்கப் போகிறேன். மேலே 4 × 3 மீட்டர், ஆழம் 80 செ.மீ. ஓரங்கள் சரிவு, ஆழம் எவ்வளவோ அவ்வளவு உள்ளே வாங்கும். ஆகவே அடியில் 2.4 × 1.4. மேல்பரப்பு 12, அடிப்பரப்பு 3.36, சராசரி 7.68. அதை 0.8ஆல் பெருக்கினால் 6.14 கன மீட்டர். சரியா?

கணக்கு வாத்தியார்:
கொஞ்சம் கூட. சரியான விடை 5.80.

இந்தக் கேள்விக்கு வயது 1,300க்கும் மேல். 628இல் பிரம்மகுப்தர் குழி வெட்டும் கணக்குக்கென்றே ஒரு வழி சொன்னார். நீங்கள் செய்தது பரப்புகளின் சராசரி, விடை 6.144. இன்னொரு விதமாக, நீளங்களையும் அகலங்களையும் முதலில் சராசரி எடுங்கள். 3.2 × 2.2 = 7.04, அதை 0.8ஆல் பெருக்கினால் 5.632. முதல் விடை கூடுதல், இரண்டாவது குறைவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சிறிய விடையோடு கூட்டச் சொன்னார். 0.512இல் மூன்றில் ஒன்று 0.171. கூட்டினால் 5.803. அவர் சொன்னது தோராயம் அல்ல, துல்லியமான விடை. மேல்பரப்பு, அடிப்பரப்பு, நடுப்பரப்பில் நாலு மடங்கு, மூன்றையும் கூட்டி ஆழத்தில் ஆறில் ஒரு பங்கால் பெருக்கும் இன்றைய பாடநூல் வழியும் இதே எண்ணைத் தரும். போட்டுப் பாருங்கள்.

ஓரம் செங்குத்தாக இருந்தால் எந்த வழியும் ஒன்றுதான். சரிவு கூடக் கூடத்தான் வித்தியாசம் பெரிதாகும். கூம்பாக முடியும் குழியில் பரப்புச் சராசரி ஒன்றரை மடங்கு காட்டும்.

திமிசுக்கட்டை:
வாத்தியார் ஐயா கணக்கு போடட்டும், எனக்கு வேறொன்று கண்ணில் படுகிறது. தம்பி, 2.2 கன மீட்டர் மண்ணுக்கு இன்னொரு வண்டி கூப்பிடப் போகிறீர்கள். அடுத்த வாரமே குளத்திலிருந்து 5.8 மண் வெட்டி வெளியே போடப் போகிறீர்கள். வெட்டிக் குவித்தால் அது ஏழே கால் கன மீட்டர் மேடு! எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள்?

முதலில் குளத்தை வெட்டுங்கள். தளத்துக்கு அடியில் வேண்டியது, இடித்தபின் 1.68. வெட்டாத நிலையில் 1.9 மண் இருந்தால் போதும். ஒரே எச்சரிக்கை, மேல் 15 செ.மீ. மண்ணைத் தளத்துக்கடியில் போடாதீர்கள். வேரும் மட்கிய இலையும் கலந்தது, பின்னால் மக்கி உள்வாங்கும். அதுக்குக் கீழே உள்ளது நல்ல மண்ணாக இருந்தால் தாராளமாகப் போடலாம்.

புதுக்கை:
அண்ணா, இது எனக்குத் தோன்றவே இல்லை! குளமும் கொட்டகையும் வேறு வேறு தாளில் எழுதி வைத்திருந்தேன்.

செடிப்பித்து:
அந்த மேல்மண்ணை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், பாத்திக்கு அதுதான் தங்கம். 15 செ.மீ. கனம் என்றால் ஒன்றரை கன மீட்டருக்கு மேல் கிடைக்கும்.

என் பாத்திகள் எதுவும் சதுரமாக இருக்காது, சிறுநீரக வடிவம், வாழையிலை வடிவம் இப்படித்தான். அதற்கு நான் செய்வது: நீளவாக்கில் ஒரு கயிறு, மீட்டருக்கு ஒரு முடிச்சு, ஒவ்வொரு முடிச்சிலும் குறுக்கே அகலம். போன தடவை 6 மீட்டர் பாத்தியில் 0, 1.2, 1.8, 2.0, 1.6, 1.0, 0 வந்தது. இடைவெளி ஒரு மீட்டர், இரண்டு நுனியும் பூஜ்யம், ஆகவே கூட்டினாலே பரப்பு, 7.6 சதுர மீட்டர். 10 செ.மீ. மண்ணுக்கு 0.76 கன மீட்டர். நுனி பூஜ்யமாக இல்லாவிட்டால் முதலும் கடைசியும் பாதி மட்டும் சேர்க்க வேண்டும். வாத்தியார் இதைவிட நுட்பமான வழி வைத்திருப்பார். பாத்திக்கு இது போதும், எப்படியும் புது மண் ஓரிரு மழையில் இறங்கத்தான் போகிறது.

மரத்தடி மூடாக்கும் (மண்ணை மூடிப் பரப்பும் இலை, சருகு) சொல்லிவிடுகிறேன். 2 மீட்டர் விட்டத்தில் வட்டம், 7.5 செ.மீ. கனம், தண்டை ஒட்டி 30 செ.மீ. விட்டத்துக்குக் காலி. விட்டத்தை அதனாலேயே பெருக்கி 0.785ஆல் பெருக்கினால் வட்டத்தின் பரப்பு. 0.785 × (4 − 0.09) × 0.075, மரத்துக்கு 0.23 கன மீட்டர். தண்டை ஒட்டிக் குவிக்காதீர்கள், பட்டை அழுகும்.

கணக்கு வாத்தியார்:
வைத்திருக்கிறேன், 7.87 வரும். ஆனால் பாத்திக்கு உங்கள் வழியே போதும், ஒப்புக்கொள்கிறேன்.

வேலிக்கால்:
வட்டம் என்றதும் ஞாபகம் வந்தது. வேலிக்கு 12 குழி. 30 செ.மீ. விட்டம், 60 செ.மீ. ஆழம். ஒன்றுக்கு 0.785 × 0.3 × 0.3 × 0.6 = 0.0424. உள்ளே நிற்கும் 10 × 10 செ.மீ. கால் 0.006ஐக் கழித்து 0.0364. பன்னிரண்டுக்கு 0.44 கன மீட்டர். புத்தகத்தில் போட்டதுபோல் சரியாகப் போட்டேன்.

எட்டாவது காலில் கான்கிரீட் தீர்ந்துவிட்டது.

காரணம் கடப்பாரை. கல் வந்த பக்கமெல்லாம் நெம்பியதில் குழிகள் 35 செ.மீ.க்கு விரிந்திருந்தன. ஐந்து செ.மீ.தானே என்று தோன்றும். விட்டத்தை இரண்டு முறை பெருக்குகிறோமே, 35/30 × 35/30 = 1.36. குழியே 36 சதவீதம் பெரிதாகிவிட்டது, கால் பிடிக்கும் இடமோ அதே அளவு. காலைக் கழித்துப் பார்த்தால் கான்கிரீட் 0.0517, அதாவது 42 சதவீதம் கூடுதல். இப்போதெல்லாம் குழி தோண்டியபின்தான் கணக்கு.

கல்லுகை:
சரி, நானும் ஒன்று சொல்கிறேன். கணக்கில் இல்லை, எழுதுவதில்தான் நான் அதிகம் விட்டிருக்கிறேன். 4 அங்குலத்தை 0.4 அடி என்று போட்டுவிடுவேன். அது 0.333. தளம் 20 சதவீதம் கூடிப்போகும். 9 அங்குலம் 0.75 அடி, 0.9 இல்லை. மில்லிமீட்டர் வரைபடத்தில் 100ஐ 0.01 என்று எழுதி, பத்தில் ஒரு பங்கு ஜல்லி வாங்கியவரையும் தெரியும். 1 கன மீட்டர் 35.3 கன அடி. 100 கன அடியை யூனிட் என்று சொல்கிறார்களே, அது 2.83 கன மீட்டர்.

அஸ்திவாரம் போடுகிறவர்களுக்கு ஒன்று. வெளிச்சுற்று 6 × 4 மீட்டர் என்றால், வாணத்தின் (அஸ்திவாரத்துக்கு வெட்டும் பள்ளம்) நீளத்தை 20 மீட்டர் என்று போடக் கூடாது. மூலைகள் இரண்டு முறை வரும். வாணம் 0.6 மீ. அகலமென்றால் நடுக்கோட்டில் அளக்க வேண்டும்: 5.4 + 3.4, இரண்டு மடங்கு 17.6. ஆழம் 0.9 என்றால் 10.8 இல்லை, 9.5 கன மீட்டர். இதற்கும் 10 சதவீதம் கூட்டியவன் நான், சிரிக்காதீர்கள்.

புதுக்கை:
ரெடிமிக்ஸ் வேண்டாம், கையாலேயே கலக்கலாம் என்று முடிவு செய்தேன். மணல் வந்துவிட்டது, ஆனால் இந்த முறை குவியலாகக் கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பெட்டியை அளக்க முடியவில்லை. குவியலை அளக்க வழி உண்டா?

கணக்கு வாத்தியார்:
உண்டு, கேட்டதற்கு நன்றி!

குவியலைச் சுற்றி டேப் பிடியுங்கள். ஒரு கம்பியை நடுவில் குத்தி உயரம் பாருங்கள். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, உயரத்தால் பெருக்கி, 37.7ஆல் வகுத்தால் கூம்பின் கனஅளவு. 1150இல் இரண்டாம் பாஸ்கரர் லீலாவதியில் தானியக் குவியலுக்குச் சொன்னது இன்னும் சுலபம்: சுற்றளவில் ஆறில் ஒரு பங்கை அதனாலேயே பெருக்கி, உயரத்தால் பெருக்கு. அது 36ஆல் வகுப்பதற்குச் சமம், 5 சதவீதத்துக்குள் கூடுதலாகக் காட்டும். உயரத்துக்கும் அவரிடம் குறிப்பு இருக்கிறது. பருமனான தானியம் சுற்றளவில் பத்தில் ஒரு பங்கு உயரம் நிற்கும், பொடியானது பதினொன்றில் ஒன்று.

புதுக்கை:
அளந்தேன். சுற்றளவு 8.2, உயரம் 0.85 மீட்டர். 1.52 கன மீட்டர். பத்தில் ஒன்று என்றால் 82 செ.மீ. வர வேண்டும், என் குவியல் 85! இவ்வளவு நெருங்கும் என்று நினைக்கவில்லை.

புதுக்கை:
மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

குளத்து மண்ணிலேயே பள்ளம் நிரம்பிவிட்டது, வெளியிலிருந்து ஒரு கூடை வாங்கவில்லை. நூல் கட்டி 35 இடத்தில் அளந்தேன். சராசரி 10.8 செ.மீ. வந்தது, அதாவது 2.59 கன மீட்டர். சிந்துவதற்கு 3 சதவீதம் சேர்த்து 2.67. சிமெண்ட் 17 மூட்டை, ஜல்லி 2.35. மணல் உலர்வில் 1.17. ஜாடிச் சோதனையில் எனக்கும் அதே 25 சதவீதம்தான் வந்தது, அதனால் 1.47 வேண்டியிருந்தது. குவியலில் இருந்ததோ 1.52. வேலை முடிந்தபோது மிஞ்சியது ஒரு சட்டி மணலும் கால் மூட்டை சிமெண்டும்.

குளத்தில்தான் ஒரு நிமிடம் தலை சுற்றியது. மீட்டர் வைத்துத் தண்ணீர் விட்டேன். 5,800 லிட்டர் எதிர்பார்த்தால் 5,260இல் நிரம்பிவிட்டது. வாத்தியார் கணக்கையா சந்தேகப்படுவது என்று டேப்போடு போய்ப் பார்த்தால், தண்ணீர் விளிம்புக்கு 5 செ.மீ. கீழே நிற்கிறது. அங்கேதான் நிற்க வேண்டும் என்று நானே ஓரக்கல் வைத்திருக்கிறேன். நீர்மட்டத்தில் 3.9 × 2.9, ஆழம் 0.75 என்று மறுபடி போட்டேன்: 5,220 லிட்டர். மேலே விட்ட அந்த 5 செ.மீ. மட்டுமே 580 லிட்டர்.

திமிசுக்கட்டை:
மேல்பக்கம்தானே தம்பி அகலம். மேல்மண் மேடு இன்னும் அப்படியே கிடக்கிறதா?

புதுக்கை:
இல்லை அண்ணா, செடிப்பித்து அக்கா சொன்னபடி வாழையிலை வடிவில் ஒரு பாத்தி போட்டுவிட்டேன். முடிச்சுக் கயிறு இன்னும் அதன்மேலேயே கிடக்கிறது.